சிஸ்டர் வீட்டில் ஒரு பிடிவாதக் கால்

பழைய சோப்புத் தொழிற்சாலை இருந்த தெருவில் யாராவது புதிதாக வந்து, "இங்கே குளிக்கிற இடம் எங்கே இருக்கு?" என்று கேட்டால் போதும். அங்கே நிற்கிற அத்தனை பேரும் ஒரே நேரத்தில் கையை நீட்டுவார்கள்.

"அதோ பாருங்க, பச்சைக் கதவு. அதுதான் எங்க சிஸ்டர் வீடு!" என்பார் செய்தித்தாள் கடைக்காரர். 'எங்க' என்பதை மட்டும் கொஞ்சம் அழுத்திச் சொல்வார். ஏதோ அந்த வீட்டுக்குச் செங்கல் சுமந்ததே அவர்தான் என்பதுபோல.

பச்சைக் கதவைத் தள்ளினால் வெந்நீர் ஆவியும் சோப்பு வாசனையும் முகத்தில் வந்து மோதும். தெருவோரம் படுத்துத் தூங்குகிறவர்கள், மூட்டை சுமக்கிறவர்கள், போக்கிடம் இல்லாதவர்கள் என யார் வந்தாலும் அங்கே வெந்நீர் உண்டு. துவைத்த துண்டு உண்டு. முடி வெட்டிக்கொள்ளலாம். காயம் இருந்தால் மருந்து போட்டுக்கொள்ளலாம். "நீங்க யாரு? ஏன் இப்படி ஆனீங்க?" என்று மட்டும் ஒருவரும் கேட்கமாட்டார்கள். அது அந்த வீட்டுச் சட்டம்.

அந்தச் சட்டத்தைத் தினமும் மீறுகிற ஒரே ஆள் துருவி.

துருவிக்குப் பத்து வயது. பள்ளிக்கூடத்தில் அவளுக்கு வேறு பெயர் இருந்தது. ஆனால் எதையும் துருவித் துருவிக் கேட்பதால் சிஸ்டர் வீட்டில் அவள் துருவி ஆகிவிட்டாள். அவளுடைய அம்மாதான் அங்கே சலவை அறையைக் கவனித்துக்கொள்பவர். அதனால் பள்ளி விட்டதும் துருவி நேராக அங்கே வந்துவிடுவாள். வந்ததும் ஆரம்பித்துவிடுவாள்.

"பாய்லர் மாமா, தண்ணி கொதிச்சா ஏன் சத்தம் போடுது?"

"உன்னைப் பார்த்துப் பயந்துதான்."

"சின்ன சிஸ்டர், உங்க முக்காட்டுக்குள்ள முடி இருக்கா?"

"இருக்கு, இருக்கு. நீ இன்னும் ரெண்டு கேள்வி கேட்டா அதுவும் கொட்டிடும்."

சின்ன சிஸ்டர் என்றால் உயரத்தில் சின்னவர் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் குனியாமல் நடந்தால் கதவு நிலையில் நெற்றி இடிக்கும். பெரிய சிஸ்டர்தான் குள்ளம். சின்ன சிஸ்டரின் தோளுக்குக்கூட வரமாட்டார். ஆனால் அந்த வீட்டை உண்டாக்கிய கன்னியாஸ்திரி அவர். அதனால் அவர் பெரிய சிஸ்டர். அவருக்குப் பின்னால் வந்தவர் ஒட்டகச்சிவிங்கி உயரம் இருந்தாலும் சின்ன சிஸ்டர்தான்.

பெரிய சிஸ்டர் இப்போது இல்லை. மழைக்காலம் தொடங்கிய சமயத்தில், ஒரு நாள் காலை ஜெபத்தை முடித்துவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்தபடியே கண்ணை மூடிவிட்டார். அவருக்கு வயது தொண்ணூறை நெருங்கியிருந்தது.

அடக்கம் நடந்த நாளைத் துருவியால் மறக்கவே முடியாது. பொழுது விடிந்ததிலிருந்து பாய்லர் மாமா வெந்நீர் போட்டுக்கொண்டே இருந்தார். ஊரில் இருந்த வீடில்லாதவர்கள் எல்லோரும் வரிசையில் நின்று குளித்தார்கள். முகத்தை மழித்துக்கொண்டார்கள். தலையைப் படிய வாரினார்கள். பிறகு பெட்டிக்குப் பின்னால் கல்லறைத் தோட்டம்வரை நடந்தார்கள். பஸ் ஓட்டுநர்கள் வண்டியை நிறுத்தி, இறங்கி நின்றார்கள்.

"இவ்வளவு பளிச்சுன்னு ஒரு ஊர்வலத்தை நான் பார்த்ததே இல்லை!" என்றார் செய்தித்தாள் கடைக்காரர். அதைச் சொல்லும்போது அவருடைய மூக்கு சிவந்திருந்தது.

அந்த ஊர்வலத்தில் கோட்டுக்காரரும் நடந்தார். அதில்தான் வந்தது வினை.

கோட்டுக்காரர் வெயிலானாலும் மழையானாலும் முழங்கால்வரை தொங்குகிற சாம்பல் நிறக் கோட்டைக் கழற்றமாட்டார். பேருந்து நிலையத்துக் கூரைதான் அவருக்கு வீடு. அவருடைய வலது காலில் நெடுநாள் புண் ஒன்று இருந்தது. பெரிய சிஸ்டர் இருந்தவரை அவரே அதைக் கழுவி, மருந்து வைத்து, கட்டுப்போட்டு விடுவார். புண்ணும் ஆறிக்கொண்டுதான் வந்தது. அந்தக் காலோடு கல்லறைத் தோட்டம்வரை போய்த் திரும்பியதில் அது பழையபடி வாயைத் திறந்துகொண்டது.

அதற்குப் பிறகும் கோட்டுக்காரர் தினமும் வந்தார். பெஞ்சில் உட்கார்ந்தார். கொடுத்த தேநீரைக் குடித்தார். காலை மட்டும் யாரிடமும் காட்டவில்லை.

"ஐயா, கட்டை மட்டும் மாத்தி விடறேனே?" என்று சின்ன சிஸ்டர் வெந்நீர்ப் பாத்திரத்தோடு அவர் முன்னால் மண்டியிடுவார்.

"வேணாம்மா. கால் நல்லாத்தான் இருக்கு."

"நொண்டி நொண்டி நடக்கறீங்களே!"

"என் நடையே அப்படித்தாம்மா."

இதற்கு மேல் என்ன பேசுவது? பாத்திரத்தில் இருந்த வெந்நீர் ஆறிப்போகும். சின்ன சிஸ்டர் அதைத் தூக்கிக்கொண்டு போவார்.

புதன்கிழமைதோறும் வைத்தியம் பார்க்க வருகிற டாக்டரம்மா அந்த வாரமும் வந்தார். அவரிடமும் கோட்டுக்காரர் காலைக் காட்டவில்லை. கோட்டை இழுத்து மூடிக்கொண்டு, "டாக்டர், எனக்குப் பசிக்குது, நான் வரேன்" என்று எழுந்து போய்விட்டார்.

டாக்டரம்மா சின்ன சிஸ்டரைச் சலவை அறைப் பக்கமாக அழைத்துவந்து தாழ்ந்த குரலில் பேசினார். அங்கே மடித்து அடுக்கிய துண்டுகளுக்குப் பின்னால் துருவி வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்ததை இருவரும் கவனிக்கவில்லை.

"அந்தத் துணியைப் பார்த்தாலே தெரியுது சிஸ்டர். வாடையும் நல்லா இல்லை. அடுத்த முறை நான் வர்றதுக்குள்ள புண்ணைச் சுத்தம் பண்ணி மருந்து வச்சாகணும். இல்லைன்னா அந்தக் காலைக் காப்பாத்த முடியாது."

"கையைப் பிடிச்சு இழுத்து வச்சு வைத்தியம் பண்ண முடியுமா, டாக்டர்?"

"முடியாதுதான். ஆனா எப்படியாவது சம்மதிக்க வைங்க."

டாக்டரம்மா போனபின் சின்ன சிஸ்டர் ஜெப அறைக்குள் போனார். அது ஒரு சின்ன அறை. சுவரில் ஒரு சிலுவை, கீழே ஒரு நாற்காலி, அவ்வளவுதான். அது பெரிய சிஸ்டர் உட்கார்ந்த நாற்காலி. சின்ன சிஸ்டர் அதன் முன்னால் முழங்காலில் நின்று, முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டதைத் துருவி கதவிடுக்கு வழியாகப் பார்த்துவிட்டாள்.

"உங்களுக்கு மட்டும் எப்படி சிஸ்டர் எல்லாரும் சம்மதிச்சாங்க?" என்று அவர் காலி நாற்காலியிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

துருவி கதவிலிருந்து மெல்ல விலகி வந்தாள். பெரியவர்கள்கூடப் பதில் தெரியாமல் கேள்வி கேட்பார்களா? 'சரி, கேட்கிறதுதானே நம்ம வேலை. நாமே கேட்டுப் பார்த்துடலாம்' என்று முடிவு செய்தாள்.

சனிக்கிழமை விடுமுறை. காலையிலேயே பாய்லர் அறைக்குப் போய்விட்டாள். பாய்லர் மாமா கரி படிந்த துணியால் கைப்பிடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"மாமா, பெரிய சிஸ்டர் சொன்னா மட்டும் ஏன் எல்லாரும் கேட்டாங்க?"

"அவங்க கதை பெருசு. உனக்குப் பொறுமை இருக்கா?"

"இன்னைக்கு லீவு மாமா. பொறுமை நிறைய இருக்கு."

பாய்லர் மாமா சிரித்துக்கொண்டே ஒரு பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தார்.

"ஆரம்பத்துல சிஸ்டர்கிட்ட இருந்தது ஒரே ஒரு வாளி. அப்போ ஒரு ஆஸ்பத்திரியில நர்ஸா இருந்தாங்க. ஒரு நாள் மூட்டை தூக்குற ஆள் ஒருத்தர் கால்ல காயத்தோட வந்திருக்கார். உடம்பெல்லாம் அழுக்கு. 'போய்க் குளிச்சிட்டு வா'ன்னு வாசல்லயே திருப்பி அனுப்பிட்டாங்க. பாவம், அவர் எங்கே போய்க் குளிப்பார்? சிஸ்டர் வாளியைத் தூக்கிட்டுப் பின்னாலயே ஓடினாங்க. தெருக்குழாயில தண்ணி பிடிச்சு, நடுத்தெருவுல உட்கார்ந்து அவர் காலைக் கழுவினாங்க. மறுநாள் இன்னும் நாலு பேர் வந்து நின்னாங்க. அப்புறம் தெருவே நிறைஞ்சு போச்சு."

"யாரும் திட்டலையா?"

"திட்டாம இருப்பாங்களா? குழாயடியில தண்ணி பிடிக்க வந்தவங்க கத்தினாங்க. பசங்க 'வாளி சிஸ்டர், வாளி சிஸ்டர்'னு கேலி பண்ணினாங்க. ஒருத்தர் நேராவே கேட்டார், 'உனக்கு ஏம்மா இந்த வேலை?'ன்னு."

"சிஸ்டர் என்ன சொன்னாங்க?"

"'இயேசு இந்த ஊருக்கு வந்தார்னா நடந்துதானே வருவார்? அவர் காலும் இப்படித்தானே இருக்கும்?'ன்னாங்க. அடுத்த வாரம் கேட்டவரே ஒரு புது வாளி கொண்டுவந்து வச்சார்!"

துருவிக்குப் புல்லரித்தது. "அப்புறம் இந்த வீடு எப்படிக் கிடைச்சுது?"

"இது மூடிக் கிடந்த சோப்புத் தொழிற்சாலை. சிஸ்டர் தினமும் முதலாளி அலுவலகத்துக்குப் போயி, 'ஐயா, சாவி கிடைக்குமா?'ன்னு கேப்பாங்க. அவர் தாங்க முடியாம பின்வாசல் வழியா நழுவினார். மறுநாள் பின்வாசல்ல சிஸ்டர் நின்னாங்க. பக்கத்து வாசல் வழியா நழுவினார். அதுக்கு மறுநாள் அங்கேயும் நின்னாங்க."

"கடைசியில?"

"கடைசியில அவருக்கு வாசல் தீர்ந்துபோச்சு. சாவியைக் கொடுத்துட்டார்."

துருவி விழுந்து விழுந்து சிரித்தாள்.

"பாய்லரும் வந்துச்சு. ஆனா பத்த வைக்க யாருக்கும் தெரியலை" என்று தொடர்ந்தார் மாமா. "நான் அப்போ கப்பல்ல பார்த்த வேலை போயி, போக இடமில்லாம, குளிக்கிற வரிசையில நிக்கிறேன். சிஸ்டர் முகமெல்லாம் கரி. பாய்லர்ல மட்டும் ஒரு பொறி இல்லை. 'தள்ளுங்க சிஸ்டர்'னேன். அவங்களும் தள்ளிக்கிட்டாங்க. அன்னைக்கு உள்ளே வந்தவன்தான், இன்னும் வெளியே போகலை!"

"சரி மாமா, கோட்டுக்காரரை மட்டும் எப்படிச் சம்மதிக்க வச்சாங்க?"

"அது எனக்கு எப்படித் தெரியும்? நான் பாய்லரைப் பார்த்துட்டு இருந்தேனே!"

துருவி முடி வெட்டும் அண்ணனிடம் ஓடினாள். அவர் ஒருவருடைய காதோரம் கத்தரியை வைத்தபடி யோசித்தார்.

"ம்... சிஸ்டர் கட்டுப்போடும்போது பாட்டுப் பாடுவாங்க. கோயில் பாட்டு. சுதி சேரவே சேராது. அதைக் கேட்டு ஜனங்களுக்கு வலி மறந்துபோயிடும்னு நினைக்கிறேன்."

'இவ்வளவுதானா?' என்று துருவி பெஞ்சுக்குப் போனாள். கோட்டுக்காரர் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். அவள் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, தனக்குத் தெரிந்த பாட்டை எடுத்துவிட்டாள்.

கோட்டுக்காரர் பதறிப்போய் பெஞ்சுக்கு அடியில் குனிந்து பார்த்தார்.

"என்ன தேடறீங்க?"

"யாரோ பூனை வாலை மிதிச்சிட்டாங்க போல இருக்கு, பாப்பா."

துருவி பாட்டை நிறுத்திவிட்டு அம்மாவிடம் போனாள். அம்மா படுக்கை விரிப்புகளை உதறிக்கொண்டிருந்தார்.

"பெரிய சிஸ்டர் பண்ணதுல உனக்கு எது ரொம்பப் பிடிச்சுது அம்மா?"

அம்மா விரிப்பை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். "உன்னைக் கையில தூக்கிட்டு நான் இந்தக் கதவைத் தட்டின நாள் ஞாபகம் இருக்கு. எனக்குப் பேச்சே வரலை. அழுகைதான் வந்துச்சு. அவங்க ஒரு வார்த்தை கேக்கலை. பாய்லர் குழாய் மேல போட்டுச் சூடாக்கின துண்டு ஒண்ணை எடுத்து உன்னைச் சுத்தி விட்டாங்க. நீ உடனே தூங்கிட்ட. அந்தக் கதகதப்புலயே எனக்குத் தைரியம் வந்துடுச்சு."

"சூடான துண்டு!" என்று துருவி துள்ளிக் குதித்தாள்.

ஒரு துண்டைக் குழாய்மேல் போட்டுச் சூடாக்கி எடுத்துக்கொண்டு போய்க் கோட்டுக்காரரிடம் நீட்டினாள். "இது உங்களுக்கு!"

"ஆகா, சுகமா இருக்கே!" என்று அவர் அதைக் கழுத்தைச் சுற்றிக் கட்டிக்கொண்டார். "நல்லா இருப்பே பாப்பா."

அவ்வளவுதான். கால் கோட்டுக்குள்ளேயே இருந்தது.

துருவி தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து கன்னத்தில் கையை வைத்துக்கொண்டாள். பாய்லர் மாமாவைக் கேட்டாயிற்று. அண்ணனைக் கேட்டாயிற்று. அம்மாவைக் கேட்டாயிற்று. இன்னும் யாரைக் கேட்பது?

கேட்க வேண்டிய ஆள் எதிரிலேயே தேநீர் குடித்துக்கொண்டிருப்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"நீங்க ஏன் பெரிய சிஸ்டர்கிட்ட மட்டும் காலைக் காட்டினீங்க?"

கோட்டுக்காரர் கோப்பையைக் கீழே வைத்தார். கோபம் வந்துவிட்டதோ என்று துருவிக்குப் பயமாக இருந்தது.

"இதை இதுவரைக்கும் ஒருத்தரும் என்கிட்ட கேக்கலை" என்றார் அவர்.

"நான் கேக்கறேனே."

"நான் செருப்புக் கடையில வேலை பார்த்தவன், பாப்பா. பெரிய கடை. வர்றவங்க நாற்காலியில உட்காருவாங்க. நான் கீழே ஸ்டூல்ல உட்கார்ந்து அவங்க காலைப் பிடிச்சு, அளவு பார்த்து, மாட்டி விடுவேன். காலம் பூரா அடுத்தவங்க காலைத்தான் நான் பிடிச்சிருக்கேன். என் காலை ஒருத்தர் பிடிக்கிறதுன்னா உடம்பே கூசுது. சும்மா நீட்டிட்டு உட்கார்ந்திருக்க எனக்கு வராது."

"அப்போ பெரிய சிஸ்டர்?"

கோட்டுக்காரரின் முகத்தில் மெல்லச் சிரிப்பு எட்டிப் பார்த்தது.

"முதல் நாள் அவங்க என் காலைப் பத்திப் பேசவே இல்லை. எதிர்ல வந்து உட்கார்ந்து, 'அப்பாடா'ன்னு தன்னோட ஷூவைக் கழட்டினாங்க. 'ஐயா, இந்தச் சுண்டுவிரல் என் உயிரை வாங்குது. என்னன்னு கொஞ்சம் பாருங்களேன்'னாங்க. பார்த்தேன். யாரோ கொடுத்த பழைய ஷூ. அளவு சின்னது. விரல் பாவம், நசுங்கிக் கிடந்துச்சு. மூலையில குவிஞ்சு கிடந்த பழசுல வேற ஜோடி தேடி எடுத்து, உள்ளே பஞ்சு வச்சுக் கொடுத்தேன். 'ரொம்ப சுகமா இருக்கு. இப்போ உங்க முறை'ன்னாங்க. நான் எப்படி மாட்டேன்னு சொல்றது? அதுல இருந்து தினமும், பக்கத்துல யாரும் இல்லாத நேரமா, அப்படித்தான். முதல்ல அவங்க கால். அப்புறம் என் கால்."

அவர் காலிக் கோப்பையைப் பார்த்தார். "இப்போ என்கிட்ட காலைக் காட்ட யாரு இருக்கா?"

துருவி, பள்ளிக்கு வாங்கிய புது ஷூவின் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தாள். வாங்கிய நாளிலிருந்து அது அவளைக் கடித்துக்கொண்டிருந்தது. அம்மா ஆசையாகத் தேடி வாங்கிய ஷூ என்பதால் மூச்சுக் காட்டாமல் இருந்தாள். காலுறையையும் கழற்றியபோது குதிகாலுக்கு மேலே சிவப்பாக ஒரு கொப்புளம் தெரிந்தது.

"இதைக் கொஞ்சம் என்னன்னு பாருங்களேன்" என்றாள்.

கோட்டுக்காரர் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தார். அவளுடைய குதிகாலைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பினார். ஷூவுக்குள் விரலை விட்டுத் தடவினார். முகமே மாறிவிட்டது. கடையில் வேலை பார்த்தபோது இப்படித்தான் இருந்திருப்பார் என்று துருவிக்குத் தோன்றியது.

"பின்பக்கம் தோல் விறைப்பா இருக்கு. இதை மசிய வைக்கணும். அதுவரைக்கும் கொப்புளத்து மேல துணி வச்சுக்கணும். எங்கே, அந்தச் சூடான துண்டு?"

கழுத்திலிருந்த துண்டைக் கழற்றி, அதில் ஷூவைச் சுற்றி, பின்பக்கத் தோலைப் பிசைந்து பிசைந்து விட்டார். துருவி ஓடிப்போய்ச் சுத்தமான துணிப்பட்டை கொண்டுவந்தாள். அவர் அழகாகக் கட்டிவிட்டார். ஷூவை மாட்டிக்கொண்டு எழுந்து குதித்துப் பார்த்தாள். கடிக்கவே இல்லை!

"ரொம்ப சுகமா இருக்கு!" என்றாள். "இப்போ உங்க முறை."

கோட்டுக்காரர் சிரித்துவிட்டார். அவர் அப்படி வாய்விட்டுச் சிரித்து அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. மெதுவாகக் கோட்டை விலக்கி வலது காலை நீட்டினார்.

"சின்ன சிஸ்டர்! சீக்கிரம் வாங்க! வெந்நீர்! மருந்து!" என்று துருவி போட்ட கூச்சலில் வீடே ஓடிவந்தது. சின்ன சிஸ்டர் வந்த வேகத்தில் கதவு நிலையில் நெற்றியை நன்றாக இடித்துக்கொண்டார்.

அவரைப் பார்த்ததும் கால் மறுபடி கோட்டுக்குள் போய்விட்டது.

"என்ன ஆச்சு?" என்றார் சின்ன சிஸ்டர் நெற்றியைத் தடவியபடி.

துருவி அவருடைய காதில் கிசுகிசுத்தாள். சின்ன சிஸ்டரின் கண்கள் அகலமாக விரிந்தன. அவர் ஒரு கணம், பெஞ்சுக்கு எதிரே பெரிய சிஸ்டர் உட்கார்ந்த இடத்தைப் பார்த்தார். பிறகு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து தன் ஷூவைக் கழற்றினார்.

காலுறையில் பெரிய ஓட்டை. அதன் வழியாகக் கட்டைவிரல் தலையை நீட்டிக்கொண்டிருந்தது.

முடி வெட்டும் அண்ணன் களுக்கென்று சிரித்தார். சின்ன சிஸ்டரின் முகம் காதுவரை சிவந்தது. ஆனாலும் காலை இழுத்துக்கொள்ளவில்லை.

"ஐயா, நாள் முழுக்க நின்னு நின்னு பாதம் எரியுது. கொஞ்சம் பாருங்களேன்."

"எரியாம என்னம்மா பண்ணும்? அடிப்பாகம் காகிதம் மாதிரி தேய்ஞ்சு கிடக்கு. இதைப் போட்டுட்டா இவ்வளவு நாள் நடந்தீங்க?" என்று கோட்டுக்காரர் அதட்டினார். "நாளைக்கே வேற ஜோடி பார்த்து வைக்கறேன். இதை இனிமேல் போடக் கூடாது. தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுதுங்க ஐயா" என்றார் சின்ன சிஸ்டர், வீட்டுப்பாடம் எழுதாமல் வந்த பிள்ளைபோல.

"சரி, இப்போ என் கால்" என்று அவர் நீட்டினார்.

கட்டைப் பிரித்ததும் வந்த வாடையில் துருவிக்கு மூச்சு முட்டியது. ஆனால் அவள் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. சின்ன சிஸ்டரின் கைகள் பதமாக, நிதானமாக வேலை செய்தன. வெந்நீர் மூன்று முறை மாறியது. வலிக்கும்போதெல்லாம் கோட்டுக்காரர், "பாப்பா, அந்தப் பூனைப் பாட்டைப் பாடேன்" என்றார். துருவி பாடினாள். பாய்லர் மாமா காதைப் பொத்திக்கொண்டார். புதுக் கட்டு வெள்ளை வெளேரென்று காலில் ஏறியது.

அடுத்த புதன்கிழமை டாக்டரம்மா வந்து, தானும் ஷூவைக் கழற்றிக் காட்டிவிட்டு, கோட்டுக்காரரின் காலைப் பார்த்தார்.

"சரியான நேரத்துல பண்ணியிருக்கீங்க சிஸ்டர். கால் தப்பிச்சுது!" என்றார்.

சின்ன சிஸ்டர் துருவியைத் தன் பக்கத்தில் இழுத்து நிறுத்தினார். "நான் இல்லை, டாக்டர். இவதான். இந்த வீட்டுச் சட்டத்தை மீறி ஒரு கேள்வி கேட்டா."

அன்று மாலை அவர் ஜெப அறைக்குள் போனபோது கதவை மூடவில்லை. உள்ளேயிருந்து கோயில் பாட்டு கேட்டது. அதுவும் சுதி சேரவில்லை.

அதற்கப்புறம் அந்த வீட்டில் ஒரு புதிய ஏற்பாடு வந்தது. யார் யாரோ கொடுத்துவிட்டுப் போன பழைய ஷூக்களும் செருப்புகளும் ஒரு மூலையில் மலைபோல் குவிந்து கிடக்கும். குளித்துவிட்டு வருகிறவர்கள் கைக்குக் கிடைத்ததை மாட்டிக்கொண்டு போவார்கள். கோட்டுக்காரர் அந்த மலைக்கு முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். ஜோடி சேர்த்தார். துடைத்தார். அளவுவாரியாக அடுக்கினார். கடைசியில் எல்லோரும் வாயைப் பிளக்கும்படி, கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, சட்டைக் கையை மடித்துக்கொண்டார். குளித்து வந்தவர்கள் அவர் முன்னால் வரிசையில் நின்றார்கள்.

"என்ன வேலை பார்க்கறீங்க? நிக்கிற வேலையா, நடக்கிற வேலையா?" என்று ஒவ்வொருவரையும் கேட்டுத்தான் ஷூ கொடுத்தார். இதனால் வீட்டுச் சட்டத்தை மீறுகிறவர்கள் இரண்டு பேர் ஆனார்கள்.

புண் முழுதாக ஆறிய பிறகு டாக்டரம்மா, "இனிமேல் தாராளமா நடக்கலாம்" என்று சொல்லிவிட்டார். மறுநாள் காலை அம்மாவுக்குச் சலவை வேலை தலைக்குமேல் கிடந்தது.

"நான் பாப்பாவைப் பள்ளிக்கூடத்துல விட்டுட்டு வரேன்" என்றார் கோட்டுக்காரர்.

இருவரும் தெருவில் இறங்கி நடந்தார்கள். செய்தித்தாள் கடைக்காரர் கடையை விட்டு வெளியே வந்து அந்தக் காலையே பார்த்துக்கொண்டு நின்றார். நொண்டல் இல்லை. "எங்க சிஸ்டர் வீட்டு வைத்தியம்!" என்று வாடிக்கையாளரிடம் சொன்னார்.

பள்ளி வாசலில் துருவியின் வகுப்புப் பிள்ளைகள் நின்றிருந்தார்கள்.

"யாரு இவர்? உன் தாத்தாவா?" என்று கேட்டாள் அவளுடைய சிநேகிதி.

துருவி நெஞ்சை நிமிர்த்தினாள். "இவர் எங்க சிஸ்டர் வீட்டுல காலெல்லாம் பார்க்கிறவர். பெரிய சிஸ்டர் காலையே இவர்தான் பார்த்தார்!"

எல்லோரும் கோட்டுக்காரரை அண்ணாந்து பார்த்தார்கள்.

"நிஜமாவா? எங்க அப்பா பஸ் ஓட்டுறார். பெரிய சிஸ்டர் தெருவைக் கடந்தா வண்டியை நிறுத்தி வணக்கம் சொல்வாராம்" என்றான் ஒரு நெட்டைப் பையன்.

"எங்க அம்மா சின்னப் பிள்ளையில அந்த வீட்டுலதான் குளிச்சாங்க" என்றாள் கடைசியில் நின்ற ஒரு பெண். அவள் வகுப்பில் அதிகம் பேசாதவள். இப்போது எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். "பெரிய சிஸ்டர்தான் தலை பின்னி விடுவாங்களாம். எங்க வீட்டுல அவங்க படம் இருக்கு."

துருவி அவள் கையைப் பிடித்து முன்னால் அழைத்துவந்தாள்.

கோட்டுக்காரருக்கு எங்கே பார்ப்பது என்றே தெரியவில்லை. தொண்டையைக் கனைத்துக்கொண்டு குனிந்தவர் அந்தப் பெண்ணின் காலைப் பார்த்தார். "ஏம்மா, இடது கால் ஷூ உன்னைக் கடிக்குதா?"

"ஆமா! உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நீ நிக்கிற நிலையிலேயே தெரியுதே. கழட்டு, பார்ப்போம்."

"எனக்கும் கடிக்குது!" என்றான் நெட்டைப் பையன்.

"எனக்கும்!"

"எனக்குக் கடிக்கலை, ஆனாலும் பாருங்க!"

கோட்டுக்காரர் வாசற்படியில் உட்கார்ந்துகொண்டார். அவரைச் சுற்றி ஷூக்களும் காலுறைகளும் விழுந்தன. முதல் மணி அடித்தது. இரண்டாம் மணியும் அடித்தது. ஆசிரியை வாசலுக்கு ஓடிவந்து பார்த்தபோது, வகுப்பு முழுவதும் வெறுங்காலோடு வரிசையில் நின்றுகொண்டிருந்தது.